ஃபேன் ஓடுகிறது என்று யார் சொன்னது?

2022 ஏப்ரலில் ஒரு மத்தியானம். பல்லடம் பக்கத்துக் கோழிப்பண்ணை ஒன்றிலிருந்து எனக்கு போன் வந்தது. "தம்பி, உங்க கன்ட்ரோலர்ல ஆறு ஃபேனும் ஆன்ல இருக்குதுன்னு காட்டுதுங்க. ஷெட்டுக்குள்ள ஒரு சத்தத்தையும் காணோம்." பேசியவர் பண்ணைக்காரர், விவரம் தெரிந்த மனிதர். பேனலில் சுவிட்சை மேனுவலுக்குத் திருப்பி ஃபேன்களை ஓடவிட்ட பிறகுதான் எனக்கு போன் போட்டிருக்கிறார்.

இ.சி. ஷெட் என்றால் நாலு பக்கமும் அடைத்த நீளமான கொட்டகை. ஒரு முனையில் தண்ணீர் வழியும் கூலிங் பேட், மறு முனையில் ஆளுயர எக்ஸாஸ்ட் ஃபேன்கள். ஃபேன் இழுத்தால்தான் உள்ளே காற்று. சித்திரை வெயிலில் அது நின்றுபோனால் வெளிச்சூடும் ஆயிரக்கணக்கான கோழிகளின் உடற்சூடும் சேர்ந்துகொள்ளும். கோழி சாக அதிக நேரம் பிடிக்காது. அன்று ஒன்றும் சாகவில்லை. ஆனால் அந்தத் திரையில் "ஆன்" என்று எழுதியது நான் எழுதிய நிரல். ஓடாத ஃபேனை ஓடுகிறது என்று அது எப்படிச் சொன்னது என்று தேடிப்போனபோது கிடைத்த விடை என் வேலை முறையையே மாற்றிவிட்டது. அதை ஒருமுறை முழுசாக எழுதிவைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோவை கணபதியில் ஒரு சின்னக் கம்பெனியில் ஃபர்ம்வேர், அதாவது கருவிக்குள்ளேயே உட்கார்ந்து அதை இயக்கும் நிரல், எழுதுகிறேன். கோழி ஷெட்டின் வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் பார்த்து ஃபேன், கூலிங் பேட், ஹீட்டர் எல்லாவற்றையும் தானாக இயக்கும் கன்ட்ரோலர் எங்கள் முக்கியச் சரக்கு. குஞ்சு இறக்கிய முதல் சில நாட்களில் 32, 33 டிகிரி வேண்டும், பிறகு வாரத்துக்கு வாரம் குறைத்துக்கொண்டே வர வேண்டும். அந்தக் கணக்கைப் போடுவது ஒரு மைக்ரோகன்ட்ரோலர். விரல் நகத்தளவு சிப். அதற்குள்ளேயே பிராசஸர், நிரல் உட்காரும் ஃப்ளாஷ், கொஞ்சம் ராம், வெளியுலகத்தோடு பேச பின்கள் என்ற உலோகக் கால்கள்.

2021-ல் சிப் பஞ்சம் வந்தது. நாங்கள் வருடக்கணக்காகப் போட்டுக்கொண்டிருந்த 64 பின் சிப் கடைகளில் காணாமல் போனது. கிடைத்த இடத்தில் பல மடங்கு விலை. முறையாக ஆர்டர் போட்டால் 52 வாரம் என்று பதில். அப்போது எங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். நாங்கள் எல்லோரும் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். "வேற கம்பெனி சிப்பு கிடைக்குதாமுங்க தம்பி. அதுவும் ஏஆர்எம், இதுவும் ஏஆர்எம். மாத்திப் போட்டா ஆகாதுங்களா?"

"ஆகுமுங்கண்ணா. ஒரு மாசம் குடுங்க" என்றேன். ஐந்து மாதம் ஆனது.

அண்ணாவின் கேள்வியில் தவறே இல்லை. அப்போது ஏஆர்எம் நிறுவனம் தானே சிப் செய்து விற்கவில்லை. பிராசஸரின் மையப் பகுதியான கோரை வடிவமைத்து உரிமம் கொடுத்தது. கோர்டெக்ஸ்-எம்3 என்ற அதே கோரை வாங்கிப் பல கம்பெனிகள் சிப் செய்கின்றன. ஆனால் கோரைச் சுற்றி இருக்கும் டைமர், மற்றச் சாதனங்களோடு கம்பி வழியாகப் பேசும் யூஆர்ட், எஸ்பிஐ, ஐ2சி போன்ற பகுதிகளை ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டத்துக்குச் செய்துகொள்கிறது. எந்த முகவரியில் எந்த ரெஜிஸ்டர் (அந்தப் பகுதிகளைக் கட்டுப்படுத்தும் சின்ன நினைவிடம்), எந்த பிட்டைப் போட்டால் என்ன நடக்கும் என்பதெல்லாம் ஆளுக்கு ஒரு விதம். 2008-ல் ஏஆர்எம் கொண்டுவந்த சிம்சிஸ் என்ற தரநிலை, கோருக்கு உள்ளே இருப்பவற்றுக்குப் பொதுப் பெயர் கொடுத்தது. ஓடும் நிரலை இடைமறிக்கும் இன்டரப்டை இயக்குவது, சிஸ்டிக் டைமரை ஓட்டுவது இதெல்லாம் எந்தச் சிப்பிலும் ஒரே மாதிரி எழுதலாம். பெரிய உதவிதான். பின்னாளில் சிம்சிஸ்-டிரைவர் என்று எஸ்பிஐ, ஐ2சி போன்றவற்றுக்கும் பொது இடைமுகம் வகுத்தார்கள். நாங்கள் அதைத் தொட்டதே இல்லை. சிப்போடு வந்த நூலகத்தை, அதாவது சிப் கம்பெனி எழுதித்தந்த நிரல் தொகுப்பை, எடுத்து அப்படியே எழுதிப் பழகியிருந்தோம். எங்களைப் போன்ற சின்னக் கம்பெனிகள் பெரும்பாலும் அப்படித்தான்.

அந்த நூலகங்களுக்கு ஹால் என்று பெயர். ஹார்டுவேர் அப்ஸ்ட்ராக்‌ஷன் லேயர். கீழே இருக்கும் ரெஜிஸ்டர்களை மறைத்து, "இந்தப் பின்னை மேலே தூக்கு", "இந்த பைட்டுகளை அனுப்பு" என்று சொல்ல ஒரு வழி. ஒரு கம்பெனியின் ஒரு சிப்பிலிருந்து அதே கம்பெனியின் இன்னொரு சிப்புக்குப் போக அது உதவும். கம்பெனி மாறினால் எல்லாம் மாறும்.

சரி, பெயர் மாறினால் என்ன, தேடி மாற்றிவிட்டால் போயிற்று என்றுதான் வேலையைத் தொடங்கினேன். பழைய நூலகத்தின் ஃபங்ஷன் (ஒரு வேலையைச் செய்யும் நிரல் துண்டு) பெயர்களிலேயே புதுச் சிப்புக்கு ஒரு மேலுறை எழுதினேன். மேலே இருந்த பதினெட்டாயிரம் வரி சி நிரலைத் தொடத் தேவையில்லை. கம்பைல் ஆனது, அதாவது சிப்புக்குப் புரியும் கட்டளைகளாக மாறியது. எரர் ஒன்றுகூட இல்லை.

முதல் நாள் வெப்ப சென்சர் பதில் சொல்லவில்லை. நாங்கள் போடும் எஸ்ஹெச்டி31 சென்சரின் ஐ2சி முகவரி, டேட்டாஷீட்படி, ஹெக்ஸில் (16-ஐ அடிப்படையாகக் கொண்ட எண்முறையில்) 44. ஐ2சி முகவரி 7 பிட். கம்பியில் போகும்போது அதை ஒரு பிட் இடதுபக்கம் தள்ளி, காலியான கடைசி இடத்தில் படிக்கவா எழுதவா என்ற பிட்டைச் சேர்த்து அனுப்ப வேண்டும். தள்ளினால் ஹெக்ஸில் 88. ஒரு நூலகம் "தள்ளிவிட்டு என்னிடம் கொடு" என்றது. இன்னொன்று "44 என்றே கொடு, நான் தள்ளிக்கொள்கிறேன்" என்றது. இரண்டிலும் அந்த இடத்தின் பெயர் முகவரி. வகை ஒரு எண். கம்பைலருக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. இதில் அரை நாள் போனது.

அடுத்தது டிஸ்ப்ளே. 16 எழுத்து, 2 வரி எல்சிடி, ஹெச்டி44780 வகை. திரையைத் துடைக்கும் கட்டளைக்கு 1.52 மில்லிசெகண்ட், மற்றப் பெரும்பாலானவற்றுக்கு 37 மைக்ரோசெகண்ட் பொறுக்க வேண்டும். பழைய நிரலில் யாரோ வெறும் ஃபார் லூப்பைச் சுற்றவிட்டு அந்த நேரத்தைக் கடத்தியிருந்தார்கள். புதுச் சிப் வேகமானது, லூப் சீக்கிரம் முடிந்தது, திரையில் கிறுக்கல். இதைக் கண்டுபிடிக்க அதிக நேரம் ஆகவில்லை.

மூன்றாவதுதான் என்னை உட்கார வைத்தது. ஷெட்டின் வெப்பத்தை 5 நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு எஸ்பிஐ ஃப்ளாஷ் சிப்பில் எழுதிவைப்போம். பேட்ச் முடிந்ததும் பண்ணைக்காரர் அதை எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம். புதுச் சிப்பில் அந்தப் பதிவுகளில் அங்கங்கே ஓட்டை. சில நேரம் எழுதியிருக்கிறது, சில நேரம் வெறும் எஃப்எஃப், அதாவது எதுவும் எழுதப்படாத இடம். எரர் எதுவும் வரவில்லை. கம்பியில் ஓடும் சிக்னலைப் படமாகக் காட்டும் லாஜிக் அனலைஸரை மாட்டி, கிளாக், டேட்டா, சிப் செலக்ட் மூன்று கம்பிகளையும் பதிவுசெய்து பெரிதாக்கிப் பார்த்தேன். எஸ்பிஐ-யில் ஒரு சிப்போடு பேசத் தொடங்கும்போது அதன் சிப் செலக்ட் கம்பியைக் கீழே இறக்க வேண்டும், பேசி முடித்ததும் மேலே தூக்க வேண்டும். படத்தில் கடைசி பைட்டின் ஐந்தாவது பிட் போய்க்கொண்டிருக்கும்போதே செலக்ட் மேலே ஏறியிருந்தது. மீதி மூன்று பிட் யாரும் கேட்காமல் போனது.

ஃப்ளாஷ் சிப்பின் டேட்டாஷீட்டை எடுத்துப் படித்தேன். கடைசி பைட்டின் எட்டாவது பிட் உள்ளே போன பிறகுதான் செலக்டை மேலே தூக்க வேண்டும், இல்லாவிட்டால் எழுதும் கட்டளை நிறைவேற்றப்படாது என்று தெளிவாகவே போட்டிருந்தது. அதாவது சிப் முறையாகத்தான் நடந்துகொண்டது. பழைய நூலகத்தில் "அனுப்பு" என்ற ஃபங்ஷன், கடைசி பிட் கம்பியை விட்டு வெளியேறும் வரை காத்திருந்து திரும்பும். நான் புதிதாக எழுதிய "அனுப்பு", கடைசி பைட்டை பஃபரில் போட்டதுமே திரும்பிவிடும். பஃபர் காலியா என்று பார்க்கும் பிட் ஒன்று, பஸ், அதாவது அந்தக் கம்பிகள், ஓய்ந்ததா என்று பார்க்கும் பிட் வேறொன்று. நான் முதலாவதைத்தான் பார்த்தேன். ஏதாவது இன்டரப்ட் நடுவில் வந்து தாமதப்படுத்தினால் பதிவு சரியாக விழும், இல்லாவிட்டால் விழாது. ஓட்டைகள் அங்கங்கே இருந்ததற்குக் காரணம் அதுதான்.

இரண்டு ஃபங்ஷனுக்கும் பெயர் ஒன்று, கொடுக்கும் பொருள் ஒன்று, திருப்பித் தருவது ஒன்று. "முடிந்தது" என்று சொல்லும்போது என்ன முடிந்தது என்பதில் மட்டும் வேறுபாடு. அது எங்கேயும் எழுதப்படவில்லை. பழைய நூலகம் அதை வாக்காகக் கொடுக்கவும் இல்லை. வழக்கமாக அப்படி நடந்துகொண்டது, நாங்கள் அதை நம்பி வீடு கட்டிவிட்டோம்.

அப்புறம் ஃபேன். புதுச் சிப் 48 பின் உறையில்தான் கிடைத்தது. 16 பின் குறைவு. அதனால் ஃபேன்களைப் போடும் சுவிட்சுகளான ஆறு ரிலேக்களையும் சிப்பின் பின்களிலிருந்து எடுத்து, ஐ2சி வழியாகப் பேசும் பிசிஎஃப்8574 என்ற எட்டு பின் விரிவாக்கிக்கு மாற்றினோம். ரிலே போர்டு தனி, அதற்கு நாலு கம்பி ஒயர். மேலே இருக்கும் நிரலைத் தொடக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அதனால் "பின்னை மேலே தூக்கு" என்ற அதே ஃபங்ஷனுக்குள், பின் எண் இன்னின்னதாக இருந்தால் ஐ2சி-யில் அனுப்பு என்று எழுதினேன். அந்த ஃபங்ஷன் எதையும் திருப்பித் தராது. தரத் தேவையும் இருந்ததில்லை. சிப்பின் சொந்தப் பின்னை மேலே தூக்குவது ஒரு ரெஜிஸ்டரில் ஒரு பிட்டை எழுதுவது, அது தோற்றுப்போக வழியே இல்லை.

ஐ2சி-யில் எல்லாமே தோற்றுப்போகலாம். அந்தப் பண்ணையில் ரிலே போர்டின் கனெக்டர் அதிர்வில் தளர்ந்திருந்தது. விரிவாக்கி பதில் சொல்லவில்லை. என் ஃபங்ஷன் அந்தத் தோல்வியைப் பார்த்தது, திருப்பிச் சொல்ல வழி இல்லாததால் விழுங்கிவிட்டது. மேலே இருந்த நிரல் "தூக்கச் சொன்னேன், தூக்கியாயிற்று" என்று நம்பித் திரையில் ஆன் என்று எழுதியது.

கணபதிக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் இதே நினைப்பு. பஸ்ஸில் உட்கார்ந்து ஒரு காகிதத்தில் எழுதிப் பார்த்தேன். முகவரி, தாமதம், அனுப்பு, தூக்கு. நாலு கோளாறுக்கும் ஒரே வேர். பெயரைக் காப்பாற்றினேன். பெயருக்குப் பின்னால் இருக்கும் வாக்கைக் காப்பாற்றவில்லை, ஏனென்றால் அந்த வாக்கு என்ன என்று யாரும் எழுதிவைக்கவில்லை.

இந்தக் கோணத்தில் தேடத் தொடங்கிய பிறகுதான் ரஸ்ட் என்ற நிரல் மொழியின் எம்பெடட்-ஹால் என்னைப் பிடித்துக்கொண்டது. அதைப் பற்றி முன்பே கேள்விப்பட்டிருந்தேன், புது மொழி எதற்கு என்று விட்டிருந்தேன். ஹோர்ஹே அபாரிசியோ என்பவர் 2017-ல் தொடங்கியது அது. பிறகு ரஸ்டின் எம்பெடட் பணிக்குழு எடுத்து வளர்த்தது. விசித்திரம் என்னவென்றால், அதைத் திறந்து பார்த்தால் உள்ளே எந்தச் சிப்புக்கும் நிரல் கிடையாது. வெறும் ட்ரெய்ட்டுகள். ட்ரெய்ட் என்பது ஒரு வகை "இன்னின்ன செய்வேன், இப்படிச் செய்வேன்" என்று எழுதிக்கொடுக்கும் பத்திரம் மாதிரி. ஒரு பக்கம் சிப்புக்கு ஹால் எழுதுகிறவர்கள் அதில் கையெழுத்துப் போடுகிறார்கள். மறுபக்கம் சென்சர், டிஸ்ப்ளே, ஃப்ளாஷ் ஆகியவற்றுக்கு டிரைவர் எழுதுகிறவர்கள் அந்தப் பத்திரத்தை மட்டும் நம்பி எழுதுகிறார்கள். இரண்டு பக்கத்தாரும் ஒருவரை ஒருவர் பார்த்ததே இருக்காது.

முதலில் நான் போய்ப் பார்த்தது பின்னைத்தான். அவுட்புட்பின் ட்ரெய்ட்டில் "மேலே தூக்கு" என்பது ரிசல்ட் ஒன்றைத் திருப்பித் தருகிறது. வெற்றி, அல்லது தோல்வி. இதற்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. தொடக்கத்தில் இவர்களும் என்னைப் போலவே எதையும் திருப்பித் தராத ஃபங்ஷனாகத்தான் வைத்திருந்தார்கள். 0.2 பதிப்பு வரிசை ஓடிக்கொண்டிருக்கும்போதே வி2 என்று இன்னொரு பிரிவைச் சேர்த்து, தோல்வியைத் திருப்பிச் சொல்லும்படி மாற்றினார்கள். பின் என்பது சிப்பில்தான் இருக்க வேண்டும் என்று இல்லையே, ஐ2சி விரிவாக்கிக்கு அந்தப் பக்கமும் இருக்கலாமே! அதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் பல்லடத்தில் கற்றுக்கொண்டதை முன்பே யாரோ கற்று, அடுத்தவன் மறக்க முடியாத இடத்தில் எழுதிவைத்திருக்கிறார்கள். ரஸ்ட்டில் ரிசல்ட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டால் கம்பைலர் எச்சரிக்கும். எங்கள் நிரலில் எச்சரிக்கையையும் எரராகவே வைத்திருக்கிறோம். விழுங்க வேண்டுமானால் விழுங்குகிறேன் என்று எழுதிவிட்டுத்தான் விழுங்க முடியும்.

சிப்பின் சொந்தப் பின் தோற்காதே, அங்கேயும் ஒவ்வொரு முறையும் சோதித்தால் நேரம் வீண்தானே என்று தோன்றும். அங்கே தோல்வியின் வகையை "இன்ஃபாலிபிள்", அதாவது நிகழவே முடியாதது என்று அறிவிக்கலாம். கம்பைலர் அதைப் பார்த்துச் சோதனையைக் கழற்றி எறிந்துவிடும். கடைசியில் மிஞ்சுவது கையால் எழுதினால் வரும் அதே ஒரு ஸ்டோர் கட்டளை. லேயர் போட்டால் மெதுவாகும் என்று எங்கள் துறையில் ஆழமான நம்பிக்கை உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 2005-ல் இத்தாலியின் இவ்ரியாவில் பிறந்த ஆர்டுயினோ என்ற எளிய மைக்ரோகன்ட்ரோலர் போர்டு லட்சக்கணக்கானவர்களை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது, அதன் மீது எனக்கு மரியாதை அதிகம். ஆனால் அதன் 16 மெகாஹெர்ட்ஸ் ஊனோ போர்டில் ஒரு பின்னை நேரடியாகத் தூக்க இரண்டு கிளாக், 125 நானோசெகண்ட் போதும். ஆர்டுயினோ தரும் டிஜிட்டல்ரைட் ஃபங்ஷனை எழுதினால் சில மைக்ரோசெகண்ட் ஆகும். எந்த எண் எந்த போர்ட், எந்த பிட் என்பதை ஓடும்போது அட்டவணையில் தேடுவதால் வரும் செலவு அது. ரஸ்ட்டில் பின் எது என்பது வகையிலேயே அடங்கிவிடுகிறது. தேடல் கம்பைல் நேரத்தில் முடிந்துவிடுகிறது.

எஸ்பிஐ-க்குப் போவோம். 2024 ஜனவரி 9 அன்று எம்பெடட்-ஹால் 1.0 வந்தது. அதற்கு முன் பல ஆல்ஃபா வெளியீடுகள், வருடக்கணக்கான விவாதம். எனக்கு அதில் மிகவும் பிடித்தது எஸ்பிஐ-யை இரண்டாகப் பிரித்தது. எஸ்பிஐபஸ் என்பது கம்பிகள். எஸ்பிஐடிவைஸ் என்பது அந்தக் கம்பிகளில் தொங்கும் ஒரு சாதனம், அதன் சிப் செலக்டோடு சேர்த்து. டிரைவர் எழுதுகிறவர் டிவைஸை மட்டும் கேட்டு வாங்கலாம். ஒரு பரிவர்த்தனை என்றால் என்ன என்று வரிசையாக எழுதியிருக்கிறார்கள்: பஸ்ஸைப் பூட்டு, செலக்டை இறக்கு, கேட்டதைச் செய், ஃப்ளஷ் செய் (எல்லாம் போய் முடியும் வரை பொறு), செலக்டைத் தூக்கு, பூட்டைத் திற. அந்த ஃப்ளஷ் என்ற ஒரு சொல்லில் என் மூன்று வாரம் இருக்கிறது. வேகத்துக்காக பஸ், வேலை முடியும் முன்பே திரும்பிவிடலாம் என்று வெளிப்படையாக அனுமதி கொடுத்துவிட்டு, அதனாலேயே செலக்டைத் தூக்கும் முன் ஃப்ளஷ் கட்டாயம் என்று எழுதியிருக்கிறார்கள். சீக்கிரம் திரும்புவது குற்றமில்லை. அதைச் சொல்லாமல் செய்வதுதான் ஆளைக் கவிழ்க்கும்.

மற்றவையும் இதே தினுசு. ஐ2சி முகவரி 7 பிட், தள்ளாமல் கொடுக்க வேண்டும் என்று எழுதியாயிற்று. தாமதம் என்றால் கேட்ட நேரத்துக்குக் குறையாமல், கூடினால் பரவாயில்லை என்று எழுதியாயிற்று.

ஆனால் சேர்த்ததைவிட, எடுத்துப்போட்டதில்தான் இவர்களுடைய நிதானம் எனக்குத் தெரிந்தது. 0.2-ல் கவுன்ட்டவுன் என்று டைமருக்கு ஒரு ட்ரெய்ட் இருந்தது. இவ்வளவு நேரம் கழித்து எழுப்பு என்று சொல்லலாம். அந்த நேரத்தின் வகையை மட்டும் ஒவ்வொரு ஹாலும் தானே முடிவுசெய்துகொள்ள விட்டிருந்தார்கள். ஒருவர் மில்லிசெகண்ட் வைத்தார், இன்னொருவர் ஹெர்ட்ஸ் வைத்தார். எந்தச் சிப்பிலும் ஓடும் டிரைவர் எழுத நினைப்பவருக்கு அங்கே என்ன எண்ணைக் கொடுப்பது என்றே தெரியாது. பெயர் பொது, அர்த்தம் தனித்தனி. 1.0-ல் அதைத் தூக்கிவிட்டார்கள். மின்னழுத்தத்தை எண்ணாக மாற்றும் ஏடிசி-யும் போனது. சீரியல் போர்ட் பைட்டுகளைப் படிப்பதும் எழுதுவதும் எம்பெடட்-ஐஓ என்ற தனி இடத்துக்குப் போனது. பலருக்கு இதில் வருத்தம். ஏடிசி இல்லாத ஹாலா என்று நானும் முதலில் முகம் சுளித்தேன். இப்போது அப்படித் தோன்றவில்லை. ஒத்துக்கொள்ளாத ஒன்றை ஒத்துக்கொண்ட மாதிரி காட்டினால் அதன் விலையை பல்லடத்தில் யாரோ கொடுக்க வேண்டியிருக்கும்.

இதெல்லாம் இருந்துவிட்டால் சிப் மாற்றுவது சுவிட்ச் தட்டுவது போல ஆகிவிடுமா என்று தம்பிமார்கள் கேட்கிறார்கள். ஆகாது. கிளாக்கை எப்படி அமைப்பது, எந்தப் பின்னை எந்த வேலைக்கு விடுவது, டிஎம்ஏ (பிராசஸர் கைவைக்காமல் தரவை நகர்த்துவது), தூக்க நிலை, இன்டரப்ட் முன்னுரிமை, இவை எதிலும் எம்பெடட்-ஹால் தலையிடாது. போர்டை எழுப்பிவிடும் அந்த முதல் முந்நூறு வரி ஒவ்வொரு சிப்புக்கும் புதிதாகத்தான் எழுத வேண்டும். அது அப்படியே இருக்கட்டும் என்பதுதான் என் கருத்து. செஃபைர் என்ற இயங்குதளம் போல, போர்டில் என்னென்ன இருக்கிறது என்று விவரிக்கும் டிவைஸ் ட்ரீ வைத்து அதையும் தரவாக மாற்றும் பெரிய ஏற்பாடுகள் இருக்கின்றன. பெரிய குழுவுக்கு அது பொருந்தும். மூன்று பேர் இருக்கும் எங்கள் மேசைக்குச் சின்னப் பத்திரம் போதும்.

நாங்கள் உடனே ரஸ்ட்டுக்குத் தாவவில்லை. ஷெட்டுகளில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த கன்ட்ரோலர்களுக்கு சி-யிலேயே ஒரு மெல்லிய அடுக்கு எழுதினோம். ஒவ்வொரு ஃபங்ஷனுக்கு மேலேயும் அதன் வாக்கைத் தமிழில் கருத்துரையாக எழுதிவைத்தேன். "இது திரும்பும்போது கடைசி பிட் கம்பியை விட்டுப் போயிருக்கும்." "இது தோற்கலாம், தோற்றால் எண் திரும்பும்." 2024-ல் புதிதாகத் தொடங்கிய கன்ட்ரோலரைத்தான் ரஸ்ட்டில் எழுதினோம்.

அதில் எனக்குக் கிடைத்த பெரிய நிம்மதியைச் சொல்ல வேண்டும். எங்களிடம் புதிதாகச் சேர்ந்த பெண், ஈரோட்டுக்காரர், கல்லூரி முடித்த முதல் வருடம். எஸ்ஹெச்டி31 டிரைவரை எழுதச் சொன்னேன். போர்டு இன்னும் வரவில்லை. "போர்டு இல்லாம எப்படிங்கண்ணா?" என்று கேட்டார். டிரைவர் கேட்பது ஐ2சி ட்ரெய்ட்டை மட்டும்தானே, லேப்டாப்பில் ஒரு போலி ஐ2சி-யைக் கொடுத்துவிடலாம். எம்பெடட்-ஹால்-மாக் என்று இதற்கென்றே ஒன்று இருக்கிறது. "முகவரி 44-க்கு இந்த இரண்டு பைட் போக வேண்டும், பதிலாக இந்த ஆறு பைட் வரும்" என்று முன்கூட்டியே எழுதிவைத்தால், நிரல் அதன்படி நடந்ததா என்று அது சரிபார்க்கும். ஆறு பைட்டில் வெப்பத்துக்கு இரண்டு, அதன் சிஆர்சி (தரவு கெட்டதா என்று சரிபார்க்கும் பைட்) ஒன்று, ஈரப்பதத்துக்கு இரண்டு, அதற்கொரு சிஆர்சி. வந்த எண்ணை 175-ஆல் பெருக்கி 65535-ஆல் வகுத்து 45-ஐக் கழித்தால் டிகிரி. அவர் சிஆர்சி-யை வேண்டுமென்றே கெடுத்து ஒரு சோதனை எழுதினார். பதிலே வராத சோதனை ஒன்று. பாதியில் கம்பி அறுந்த மாதிரி ஒன்று. பிறகு அதே டிரைவரை, ஒரு வரி மாற்றாமல், ராஸ்ப்பெரி பை என்ற சின்னக் கணினியின் ஐ2சி பின்களில் சென்சரை மாட்டி லினக்ஸில் ஓட்டினார். மேசைமேல் 27.4 டிகிரி வந்தது. போர்டு வந்தது அதற்கு 10 நாள் கழித்து. அன்று மத்தியானமே அதே டிரைவர் அதில் ஓடியது.

பழைய சிப் இப்போது தாராளமாகக் கிடைக்கிறது. ஆனாலும் புது கன்ட்ரோலரை இரண்டு கம்பெனி சிப்பிலும் கம்பைல் செய்து, இரண்டிலும் சோதித்துத்தான் வெளியே விடுகிறோம்.

ஃபேன் விஷயத்தை நான் பாதியில் விட்டுவிட்டேன். ரிசல்ட் வெற்றி என்று வந்தால் என்ன அர்த்தம்? விரிவாக்கி கேட்டுக்கொண்டது என்று அர்த்தம். ரிலே ஒட்டியதா, காண்டாக்டர் இழுத்ததா, மோட்டார் சுற்றியதா என்பது அதற்குத் தெரியாது. ட்ரெய்ட் தன் வாக்கை மட்டும்தான் சொல்லும், அதற்கு மேல் அது பேசாது. அதனால் புது கன்ட்ரோலரில் ஒவ்வொரு ஃபேன் லைனிலும் ஒரு சின்ன கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர் கோர்த்திருக்கிறோம். அதைப் படிக்க ஏடிசி வேண்டும், அதற்குப் பொது ட்ரெய்ட் இல்லை, நாங்களே எழுதினோம். நாலு வரி. திரும்பி வருவது மில்லிவோல்ட், சிப்பின் சொந்த அளவு அல்ல என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கிறது. ஃபேன் லைனில் கரன்ட் ஓடினால்தான் திரையில் ஆன்.

முதல் பெட்டியை அதே பல்லடம் பண்ணைக்குத்தான் கொண்டுபோனேன். மாட்டி முடித்ததும் அவர் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் பேனல் பக்கம் போய் நாலாவது ஃபேனின் எம்சிபி-யைத் தட்டி அணைத்தார். திரும்பி வந்து திரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். மூன்று செகண்டில் பஸ்ஸர் அடித்தது, நாலாம் ஃபேன் ஓடவில்லை என்று வந்தது. எம்சிபி-யைத் திரும்பப் போட்டார், ஃபேன் சுற்றத் தொடங்கும் வரை காது கொடுத்துக் கேட்டார், திரையில் ஆன் வந்ததையும் பார்த்தார்.

"மத்த ரெண்டு ஷெட்டுக்கும் இதையே போட்டுருங்க தம்பி" என்றார்.